ஏழரை மணி வகுப்பு

கேள்வி: திண்டுக்கல் மாவட்டத்தில் ஓர் அரசு உதவிபெறும் மேல்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியையாக இருக்கிறேன். 900 பிள்ளைகள், அவர்களில் 420 பேர் மாணவிகள். பள்ளி 9.20க்குத் தொடங்கி 4.10க்கு முடிகிறது. 25 நிமிட வழிபாட்டுக் கூட்டம், 40 நிமிடத்தில் 8 பாடவேளைகள், இரண்டு முறை 10 நிமிட இடைவேளை, 45 நிமிட மதிய உணவு. இது போக 10, 12ஆம் வகுப்புகளுக்குக் காலை 7.30 முதல் 9 வரை சிறப்பு வகுப்பு (பிள்ளைகள் இதை ‘ஏழரை’ என்கிறார்கள்), மாலையில் 6 மணி வரை படிப்பு, தினமும் ஏதாவது ஒரு பாடத்தில் ஸ்லிப் டெஸ்ட். கூட்டத்தில் நிற்கும்போது மாணவிகள் மயங்கி விழுகிறார்கள். மதியத்துக்குப் பிறகு வகுப்பில் பாதிப் பேர் கண் சொருகி உட்கார்ந்திருக்கிறார்கள். ‘விடுமுறை நாளில் நான்’ என்று தமிழாசிரியை கட்டுரை எழுதச் சொன்னால், பாதிக்கும் மேற்பட்டோர் முதல் வரியிலேயே ‘நன்றாகத் தூங்குவேன்’ என்று எழுதியிருக்கிறார்கள். தேர்ச்சி குறைந்தால் யார் பொறுப்பு என்கிறார் தாளாளர். பெற்றோர்களோ இன்னும் ஒரு மணி நேரம் சேர்த்து வையுங்கள் என்கிறார்கள். பாடவேளைகளை நீளமாக்கி எண்ணிக்கையைக் குறைக்கலாம் என்று இளம் ஆசிரியர் ஒருவர் சொல்கிறார், மூத்தவர்கள் ஒப்பவில்லை. கால அட்டவணையை எங்கிருந்து மாற்றத் தொடங்குவது?

பதில்:

அன்புள்ள அம்மா,

என் பள்ளியிலும் அந்த வகுப்புக்கு ‘ஏழரை’ என்றுதான் பெயர். சனி பகவானுக்காவது கணக்கு உண்டு, ஏழரை ஆண்டில் விட்டுவிடுவார். நாம் ஒரு அணி போனதும் அடுத்த அணியைப் பிடித்துக்கொள்கிறோம்.

நான் 9 ஆண்டுகள் தலைமையாசிரியராக இருந்தேன். முதல் 4 ஆண்டுகள் ஏழரை மணி வகுப்பை வாசலில் நின்று நடத்தியவன் நானேதான். தாமதமாக வந்தவர்களை வெளியே நிறுத்தியும் இருக்கிறேன். ஐந்தாம் ஆண்டு அதை நிறுத்தினேன். ஆராய்ச்சி எதையும் படித்து நிறுத்தவில்லை. ஒரு மாணவனின் கணக்கு நோட்டைப் பார்த்து நிறுத்தினேன். முதல் வரிசையில் உட்காருபவன், கண்ணைத் திறந்தபடியே இருப்பான், பேனாவும் ஓடிக்கொண்டிருக்கும். ஒருநாள் அவன் நோட்டை வாங்கிப் புரட்டினேன். பக்கத்தின் மேலே எழுத்து மணி மணியாக இருந்தது. ஆறாவது வரியில் சரியத் தொடங்கி, எட்டாவது வரியில் கிறுக்கலாகி, அதற்குக் கீழே ஒற்றைக் கோடாகப் பக்கத்தின் ஓரம் வரை இழுபட்டிருந்தது. அதன் பிறகு நான்கு விரற்கடை வெற்றிடம். அடுத்து, கணக்கின் நடுவிலிருந்து மறுபடி மணி மணியான எழுத்து. முந்தைய பக்கங்களைப் புரட்டினால், அந்த வாரம் முழுக்க அதே கோடு. பையன் விடிவதற்கு முன்பே மல்லிகை பறிக்கப் போய்விட்டு வருகிறவன் என்பதை அன்றைக்குத்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அதுவரை அவன் எனக்கு ‘நல்ல பையன்’, அவ்வளவுதான்.

எனவே அட்டவணைத் தாளை இப்போதைக்கு எடுக்காதீர்கள். பத்தாம் வகுப்பில் நான்கு பிள்ளைகளைக் கூப்பிடுங்கள்: வெகு தூரத்திலிருந்து பஸ்ஸில் வரும் ஒருவர், பள்ளிக்குப் பக்கத்துத் தெருவில் இருப்பவர், வீட்டு வேலை அதிகம் உள்ளவர், டியூஷன் போகிறவர். நேற்று கண் விழித்தது முதல் கண் மூடியது வரை என்ன நடந்தது என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு நீங்களே எழுதுங்கள். பிள்ளைகளை எழுதச் சொன்னால் ‘5 மணிக்கு எழுந்து படித்தேன்’ என்று நமக்குப் பிடித்ததை எழுதித் தருவார்கள்.

நான் இப்படி எழுதி எடுத்த ஒரு மாணவியின் நாளை இன்னும் வைத்திருக்கிறேன். 4.50க்கு எழுந்தாள். 5 மணிக்குத் தெருக்குழாயில் தண்ணீர் வரும், எட்டுக் குடம். 6.35க்கு பஸ், அதை விட்டால் அடுத்தது 8.15. சாப்பிடாமல் ஏறினாள். 7.20க்குப் பள்ளி. டிபன் பாக்ஸைத் திறந்தது 9.05க்கு, அதுவும் மணி அடித்துவிடுமோ என்று இரண்டு இட்லியோடு மூடிவிட்டாள். மாலை 6 மணிக்கு விட்டதும் பஸ் பிடித்து வீடு சேர 7.15. அம்மாவுக்குக் கூடமாட உதவி, சாப்பாடு, 9.30க்கு நோட்டைத் திறந்தாள். ஐந்து பாடத்து வீட்டுப்பாடம். படுத்தது 11.15. தூங்கியது 5 மணி 35 நிமிடம். ஞாயிற்றுக்கிழமை மதியம் வரை தூங்குகிறாள் என்று அவள் அம்மா என்னிடம் குறையாகச் சொன்னார்.

13 வயது முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை என்பது தூக்க மருத்துவர்களின் பரிந்துரை. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பூப்படையும் வயதில் உடம்புக்குள் இருக்கும் கடிகாரமே பின்னால் நகர்ந்துவிடுகிறது. தூக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் என்ற சுரப்பு, சின்னப் பிள்ளைகளுக்குச் சுரப்பதைவிட ஒன்று, இரண்டு மணி நேரம் தாமதமாகச் சுரக்கத் தொடங்குகிறது. பத்து வயதில் எட்டரைக்கே சுருண்டு படுத்த பிள்ளை பதினைந்து வயதில் பத்தரை வரை விழித்திருப்பது இதனால்தான். செல்போன் இதை இன்னும் மோசமாக்குகிறது. ஆனால் போனைப் பிடுங்கி வைத்தாலும் உடம்பின் கணக்கு முழுதாக மாறிவிடாது. சீக்கிரம் படுக்கச் சொல்லலாம், சீக்கிரம் தூங்கச் சொல்ல முடியாது. ஆகவே பிள்ளைகளின் தூக்கத்தை நாம் கூட்டக்கூடிய ஒரே முனை காலைதான். அந்த முனையைத்தான் நாம் ஏழரைக்கு வெட்டிவிட்டோம்.

அமெரிக்காவில் இதற்காகப் பெரிய போராட்டமே நடக்கிறது. அங்கே ஒரே பஸ் இரண்டு, மூன்று நடை அடிக்க வேண்டும் என்பதற்காகப் பல ஊர்களில் பெரிய பிள்ளைகளை முதல் நடையில் ஏற்றி, உயர்நிலைப் பள்ளியை 7.20, 7.30க்கே தொடங்கிவிடுவார்கள். மினசோட்டா மாநிலத்தின் எடைனா என்ற ஊர் 1996இல் 7.20ஐ 8.30 ஆக்கியது. அடுத்த ஆண்டு மினியாபொலிஸ் நகரம் 7.15ஐ 8.40க்குத் தள்ளியது. 8.30க்கு முன் தொடங்காதீர்கள் என்று அந்நாட்டுக் குழந்தை மருத்துவர் அமைப்பு 2014இல் அறிவுரை வெளியிட்டது. கலிபோர்னியா 2019இல் அதைச் சட்டமாக்கி, 2022 ஜூலை முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பஸ்ஸும் செலவும் இடித்ததால் புளோரிடா 2023இல் போட்ட இதே போன்ற சட்டத்தை 2025இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. சியாட்டில் நகரில் 2016இல் 7.50ஐ 8.45 ஆக்கியபோது, மாணவர்கள் மணிக்கட்டில் கருவி கட்டி முன்னும் பின்னும் அளந்து பார்த்தார்கள். தூக்கம் நாளுக்குச் சுமார் 34 நிமிடம் கூடியிருந்தது. காலையில் நேரம் கிடைத்தால் பிள்ளைகள் இரவில் அதே அளவு கூடுதலாக விழித்திருப்பார்கள் என்று உங்கள் தாளாளர் சொல்வாரானால், அங்கே அப்படி நடக்கவில்லை என்று சொல்லுங்கள். திண்டுக்கல்லும் சியாட்டிலும் ஒன்றா என்பார். நியாயமான கேள்விதான், அதற்குப் பிறகு வருகிறேன்.

நம் நிலைமையைப் பாருங்கள். உங்கள் பள்ளி 9.20க்குத் தொடங்குகிறது. அவர்கள் சட்டம் போட்டுப் பெற முயலும் நேரத்தைவிட 50 நிமிடம் பின்னால். 7.30க்கு மணி அடிக்கும் இலங்கையிலிருந்து ஒரு தலைமையாசிரியர் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும். உங்களுக்கு அரசாணை வேண்டாம், பஸ் நடையை மாற்ற வேண்டாம். கையில் இருந்ததை நாமே சிறப்பு வகுப்பு என்ற பெயரில் தூக்கிக் கொடுத்திருக்கிறோம், திரும்ப எடுத்துக்கொண்டால் போதும். காலைச் சிறப்பு வகுப்பை முழுதாக நிறுத்துங்கள். 8 மணிக்குத் தள்ளி வைக்கிறேன், வாரம் மூன்று நாள் மட்டும் வைக்கிறேன் என்ற சமரசத்துக்குப் போகாதீர்கள். பஸ்ஸில் வரும் பிள்ளைக்கு 8 மணி வகுப்பு என்றாலும் அதே 6.35 பஸ்தான்.

மாலைப் படிப்பை நான் அப்படி அடியோடு எடுக்கச் சொல்லமாட்டேன். வீட்டில் உட்கார்ந்து படிக்க இடமில்லாத பிள்ளைகளுக்கு அந்த வகுப்பறை விளக்குதான் இருக்கிறது. ஆனால் 5 மணிக்கு முடித்துவிடுங்கள், வருவது பிள்ளைகளின் விருப்பமாக இருக்கட்டும், ஒரு கை சுண்டல் கட்டாயம் இருக்கட்டும். கார்த்திகை, மார்கழி மாதங்களில் ஆறரைக்குள் இருட்டிவிடுகிறது. பஸ் நிறுத்தத்தில் மாணவிகளை நிறுத்திவிட்டு நாம் என்ன பாடம் நடத்தி என்ன?

அடுத்து, நேரம் குறைந்தால் மதிப்பெண் குறையும் என்ற அச்சம். எனக்கும் இருந்தது. பகலில் படித்தது மூளையில் நின்று பதிவதில் இரவுத் தூக்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு. தூக்கத்தை எடுத்து வகுப்பில் போடுவது, விதைநெல்லைக் குத்திச் சோறாக்குவது மாதிரி. இன்னொன்று, ஒரே பாடத்தை ஒரே மூச்சில் ஒன்றரை மணி நேரம் படிப்பதைவிட, அதே ஒன்றரை மணி நேரத்தை நாலைந்து நாட்களுக்குப் பிரித்துப் படித்தால் கூடுதலாக நினைவில் நிற்கும். ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885இலேயே தன்னையே சோதனைப் பொருளாக்கிக் கண்டு எழுதிய சங்கதி இது. நம் பாட்டிமார் வாய்ப்பாட்டைத் தினமும் பத்து நிமிடம் ஒப்பிக்கச் சொன்னதும் இதே வழிதான்.

இனி உங்கள் இளம் ஆசிரியரின் யோசனைக்கு வருகிறேன். அவர் சொல்வதில் பாதி சரி. இப்போது வாரத்துக்கு 40 பாடவேளை, தலா 40 நிமிடம், ஆக 1,600 நிமிடம். ஆனால் ஓர் ஆசிரியர் மாடியிலிருந்து இறங்கி, அடுத்த வகுப்புக்குள் நுழைந்து, வணக்கம் வாங்கி, கரும்பலகையைத் துடைத்து, ‘எந்தப் பக்கத்தில் விட்டோம்’ என்று கேட்பதற்குள் 5 நிமிடம் போய்விடுகிறது. நீங்களே ஒருநாள் வராந்தாவில் நின்று கைக்கடிகாரத்தைப் பாருங்கள். 40 முறை 5 நிமிடம், 200 நிமிடம். மிஞ்சுவது 1,400. நாளுக்கு 50 நிமிடத்தில் 6 பாடவேளை என்று மாற்றினால் வாரத்துக்கு 30 பாடவேளை, 1,500 நிமிடம். 150 நிமிடம் போனால் 1,350. ஆக, தாளில் 100 நிமிடம் குறைந்ததுபோல் தெரிந்தாலும் உண்மையில் குறைவது வாரத்துக்கு 50 நிமிடம்தான். பிள்ளைகளுக்கோ ஒரு நாளில் எட்டுப் பாடம், எட்டு நோட்டு, எட்டு முகம் என்பது ஆறாகிவிடும், பையும் இலேசாகும்.

நாளை நான் இப்படி அடுக்குவேன். 9.20க்கு வகுப்பறையிலேயே 10 நிமிட வழிபாடும் வருகைப்பதிவும். மைதானக் கூட்டம் திங்கள்கிழமை மட்டும். 9.30 முதல் 11.10 வரை இரண்டு பாடவேளைகள். 15 நிமிட இடைவேளை. 11.25 முதல் 1.05 வரை இரண்டு பாடவேளைகள். 40 நிமிட மதிய உணவு. 1.45 முதல் 2.20 வரை 35 நிமிடம், இதைப் பற்றிக் கீழே சொல்கிறேன். 2.20க்கு ஒரு பாடவேளை, 10 நிமிட இடைவேளை, 3.20க்குக் கடைசிப் பாடவேளை. மணி அதே 4.10க்கு அடிக்கும். பள்ளி நேரத்தில் ஒரு நிமிடம்கூட மாறவில்லை என்று தாளாளரிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லலாம்.

அந்த 35 நிமிடம்தான் ‘ஏழரை’யின் இடத்துக்கு வருவது. சோற்றுக்குப் பின் கண் சொருகும் நேரத்தில் யாரும் புதுப் பாடம் நடத்தக் கூடாது. கணக்கில் பின்தங்கிய பத்துப் பேர் கணக்கு ஆசிரியரிடம் போகட்டும். ஆங்கிலத்துக்குத் தேவைப்படுபவர்கள் அங்கே போகட்டும். மற்றவர்கள் வகுப்பிலேயே வீட்டுப்பாடத்தைத் தொடங்கலாம், நூலகப் புத்தகம் படிக்கலாம். பெஞ்சில் தலை வைத்துப் பத்து நிமிடம் தூங்குகிறானா, எழுப்ப வேண்டாம். மெல்லக் கற்போருக்கு உதவி என்ற பெயரில்தானே காலை வகுப்பைத் தொடங்கினோம்? உதவி தேவைப்பட்ட பத்துப் பேருக்காக முழு வகுப்பையும் விடியற்காலையில் எழுப்பியதுதான் நாம் செய்த வேலை.

பத்தாம் வகுப்புக்கு 30 பாடவேளைகளில் ஐந்து பாடங்களுக்கும் தலா 5 போக மீதம் 5. இரண்டு விளையாட்டுக்கு, ஒன்று நூலகத்துக்கு, ஒன்று ஓவியமோ பாட்டோ, ஒன்று வகுப்பாசிரியர் பிள்ளைகளோடு பேசுவதற்கு. 11, 12 அறிவியல் பிரிவுகளுக்குச் செய்முறை நாளில் இரண்டு பாடவேளைகளைச் சேர்த்து 100 நிமிடமாக்கிவிடுங்கள். வேதியியல் ஆய்வகத்தில் டைட்ரேஷன் சோதனை பாதியில் இருக்கும்போது மணி அடிக்கும் அவலம் தீரும். ஒரே பாடம் ஐந்து நாளும் கடைசிப் பாடவேளையில் விழாதபடி சுழற்றிப் போடுங்கள். உங்கள் ஆசிரியர்கள் இப்போது வாரம் 28 பாடவேளை எடுப்பவர்கள் என்றால் புதிய முறையில் 21 வரும். 40க்கு 28 என்பதும் 30க்கு 21 என்பதும் ஒரே விகிதம்தான். பணிச்சுமை கூடுகிறது என்று சொல்பவர்களிடம் இந்தக் கணக்கைக் காட்டலாம். மதிய உதவி நேரம் கூடுதல் வேலைதானே என்பார்கள். ஆமாம், கூடுதல்தான். ஆனால் ஐந்தரைக்கே சமையலை முடித்துவிட்டு ஏழரைக்கு ஓடிவரும் வேலை போய்விட்டதே! உங்கள் ஆசிரியைகள் இந்தப் பேரத்தை ஏற்பார்கள் என்பது என் அனுபவம். மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதி முன்கூட்டியே ஒப்புதல் வாங்கிவிடுங்கள். பிறகு யாராவது மனு போட்டால் பதில் கையில் இருக்கும்.

பாதி சரி என்று சொன்னேன் அல்லவா, மீதிப் பாதி இது: 40 நிமிடம் விடாமல் பேசியவர் 50 நிமிடம் விடாமல் பேசினால் நிலைமை இன்னும் மோசமாகும். மூத்த ஆசிரியர்களின் தயக்கம் வீம்பினால் வருவதில்லை. நீண்ட வகுப்பை எதைக் கொண்டு நிரப்புவது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. முதல் ஐந்து நிமிடம் புத்தகத்தை மூடிவைத்து, நேற்றும் போன வாரமும் நடத்தியதில் மூன்று கேள்விகளுக்குப் பிள்ளைகள் எழுத வேண்டும். மதிப்பெண் கிடையாது, பக்கத்திலிருப்பவர் திருத்தலாம். பிறகு 25 நிமிடம் பாடம். மீதி 20 நிமிடம் பிள்ளைகள் கணக்குப் போட, வரைய, எழுத, ஆசிரியர் வரிசைக்கு வரிசை நடந்து பார்க்க. இது வந்துவிட்டால் தினசரி ஸ்லிப் டெஸ்ட்டைத் தூக்கிவிடலாம். அதைத் திருத்திப் பட்டியல் போட்டு மாய்வது ஆசிரியர்களும்தானே.

இப்போது, அட்டவணை போடுகிற ஆண்கள் யாரும் பேசாத ஒரு விஷயம். நானும் பேசாதவன்தான், என் பள்ளியின் உதவித் தலைமையாசிரியை ஒருநாள் கோபமாகக் கணக்குப் போட்டுக் காட்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது. மாணவிகளுக்கு 14 கழிப்பறைகள் என்று கடிதத்தின் பின்பக்கத்தில் குறித்திருக்கிறீர்கள். 420 பேருக்கு 14 என்றால், ஒன்றுக்கு 30 பேர். ஒருவருக்கு 2 நிமிடம் வைத்தால் 10 நிமிட இடைவேளையில் 5 பேர் போய்வரலாம். இரண்டு இடைவேளைகளையும் மதிய உணவையும் சேர்த்தால் 65 நிமிடம். ஒருவரும் சாப்பிடாமல் வரிசையில் நின்றால்தான் ஒவ்வொரு மாணவிக்கும் நாளுக்கு ஒரு முறை வாய்க்கும். பிள்ளைகள் இதை மனக்கணக்காகவே அறிந்துவைத்திருக்கிறார்கள். அதனால் தண்ணீர் குடிப்பதில்லை. காலையில் நிரப்பிய பாட்டிலை அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோகும் மாணவிகளை எண்ணிப் பாருங்கள். தலைவலி, சிறுநீர்த் தொற்று, வெயிலில் நின்றால் மயக்கம் என்று எல்லாவற்றுக்கும் இதில் பங்கு இருக்கிறது. கேரளப் பள்ளிகள் 2019இல் தண்ணீர் குடிக்க நினைவூட்டும் ‘வாட்டர் பெல்’ அடிக்கத் தொடங்கின. தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கும் அது வந்தது. நல்ல ஏற்பாடு. ஆனால் குடித்த பிறகு போக நேரம் தராமல் குடிக்க மட்டும் மணி அடித்து என்ன பயன்? 6 முதல் 8 வரை ஒரு நேரம், 9 முதல் 12 வரை வேறு நேரம் என்று இடைவேளைகளையும் மதிய உணவையும் பிரித்துவிடுங்கள். அதே 14 கழிப்பறைகள் இருமடங்கு பேருக்கு ஆகும். மாதவிலக்கு நாட்களில் வகுப்பு நடக்கும்போதே காரணம் சொல்லாமல் எழுந்து போகலாம் என்று எல்லா ஆசிரியர்களுக்கும் எழுத்தில் சுற்றறிக்கை விடுங்கள்.

விளையாட்டுப் பாடவேளை பற்றிச் சுருக்கமாக. ‘சார், இந்த வாரம் மட்டும் உங்கள் பி.டி. பீரியடைக் கொடுங்கள், போர்ஷன் முடியவில்லை’ என்று கணக்கு ஆசிரியர் வாங்கும் கடன் எந்தப் பள்ளியிலும் திருப்பித் தரப்பட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. பொதுத்தேர்வு வகுப்புகளுக்கு விளையாட்டு மிகவும் அவசியம். நீங்கள் கையெழுத்திட்டால் அன்றி இந்தப் பாடவேளை மாறக் கூடாது என்று விதி செய்துவிட்டு, கையெழுத்திடாமல் இருங்கள்.

வீட்டுப்பாடத்துக்கு ஒரு சின்ன ஏற்பாடு: ஒவ்வொரு வகுப்பிலும் கரும்பலகையின் வலது ஓரத்தில் ஒரு கட்டம் போடுங்கள். ஆசிரியர்கள் அன்றைய வீட்டுப்பாடத்தையும் அதற்கு ஆகும் நிமிடங்களையும் அதில் எழுத வேண்டும். கடைசியாக வருபவர் கூட்டிப் பார்ப்பார். ஐந்து ஆசிரியர்களும் தனித்தனியே ‘அரைமணி நேர வேலைதானே’ என்று கொடுப்பது இரண்டரை மணி நேரமாவது அப்போதுதான் அவர்கள் கண்ணில் படும். 9 முதல் 12ஆம் வகுப்புகளுக்கு நாளுக்கு 2 மணி நேரத்துக்கு மேல் வீட்டுப்பாடம் கூடாது என்று மத்திய அரசின் 2020ஆம் ஆண்டுப் புத்தகப்பைக் கொள்கை சொல்கிறது. நான் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் விடமாட்டேன்.

எந்த வகுப்பில் தொடங்குவது? ஒரு பிரிவில் மட்டும் செய்து பார்க்கலாம் என்று சிலர் சொல்வார்கள். வேண்டாம். ‘என் பிள்ளையை மட்டும் ஏன் சோதனை எலி ஆக்கினீர்கள்’ என்று பெற்றோர் வந்து நிற்பார்கள், அடுத்த பிரிவின் பெற்றோர் ‘என் பிள்ளைக்கு ஏன் இல்லை’ என்பார்கள். புதிய பாடவேளை முறையை ஜூனில் பள்ளி முழுவதற்கும் கொண்டுவாருங்கள். ஒரு பகுதிக்கு 40 நிமிடப் பாடவேளை, இன்னொரு பகுதிக்கு 50 நிமிடம் என்று மணி அடிக்க முடியாது. காலை வகுப்பை 10, 12 இரண்டிலும் காலாண்டுத் தேர்வு வரை மட்டும் நிறுத்தி வைப்பதாக அறிவியுங்கள். 11ஆம் வகுப்புப் பொதுத்தேர்வு 2025-26 முதல் இல்லை என்றாகிவிட்டதால் அந்த ஆண்டில் கொஞ்சம் மூச்சுவிட இடம் கிடைத்திருக்கிறது. அதில் 12ஆம் வகுப்புப் பாடத்தைக் கொண்டுபோய்த் திணிக்க உங்கள் ஆசிரியர்களுக்குக் கை அரிக்கும். அதற்கு மட்டும் இடம் கொடுத்துவிடாதீர்கள்.

தாளாளரிடம் பேசும்போது நலம், மன அழுத்தம் என்று தொடங்க வேண்டாம். அவருக்கு எண்கள் பிடிக்கும், எண்களையே கொடுங்கள். கடந்த ஆண்டின் தாமத வருகைப் பதிவேடு, திங்கள்கிழமை வராதோர் கணக்கு, மயங்கி விழுந்து வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் பட்டியல், காலாண்டு மதிப்பெண்கள். இந்த நான்கையும் அடுத்த காலாண்டோடு ஒப்பிட்டுக் காட்டுவதாகச் சொல்லுங்கள். திண்டுக்கல்லும் சியாட்டிலும் ஒன்றா என்ற கேள்விக்கு உங்கள் பதிவேடுதான் பதில். ஒரு பள்ளியின் ஒரு காலாண்டை வைத்து எதையும் நிரூபித்துவிட முடியாதுதான். ஆனால் தேர்ச்சி சரியவில்லை என்று காட்டினாலே அவர் பாதி இறங்கிவருவார்.

பெற்றோர் கூட்டம்தான் கடினம். இந்த மண்ணில் பள்ளி நேரத்தில் கை வைப்பது வெறும் கடிகார விஷயமாக இருந்ததில்லை. 1953இல் ராஜாஜி தொடக்கப் பள்ளி நேரத்தை நாளுக்கு 3 மணி நேரமாக்கி, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றபோது, குலக்கல்வி என்று மாநிலமே கொதித்தது. 1954இல் காமராஜர் வந்ததும் அந்தத் திட்டம் போனது. கேரளத்தில் 2025இல் உயர்நிலை வகுப்புகளுக்கு அரை மணி நேரம் கூட்டியதற்கே, காலை மதரஸா வகுப்புகள் பாதிக்கப்படும் என்று எதிர்ப்பு எழுந்தது. உங்கள் பெற்றோரில் பலர் தாங்கள் பள்ளிப் படிப்பை முடிக்காதவர்களாக இருப்பார்கள். ‘பள்ளி நேரம் குறைகிறது’ என்ற சொல் அவர்கள் காதில் ‘உன் பிள்ளைக்குக் கொடுப்பதைக் குறைக்கிறோம்’ என்றுதான் விழும். அவர்கள் அப்படிக் கேட்பதில் தப்பும் இல்லை. அந்த நான்கு பிள்ளைகளின் நாளை, பெயர் சொல்லாமல், பெரிய சார்ட்டில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். நீங்கள் பேச வேண்டாம். ‘இது என் பெண்ணின் நாள் மாதிரியே இருக்கிறதே’ என்று யாராவது ஓர் அம்மா சொல்வார். எங்கள் கூட்டத்தில் அப்படிச் சொன்னவர் ஓர் அப்பா, ஆட்டோ ஓட்டுபவர். ‘நானே இவ்வளவு நேரம் வண்டி ஓட்டமாட்டேன், சார்’ என்றார்.

சிலர் அந்த நேரத்துக்கு டியூஷனில் சேர்த்துவிடுவார்கள். சேர்க்கட்டும். எல்லாரையும் தடுக்க உங்களால் முடியாது. பள்ளியே முன்னின்று எழுப்பவில்லை என்ற மட்டிலும் நிம்மதி.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். மயங்கி விழும் மாணவிகளை அட்டவணை மாறட்டும் என்று காக்க வைக்கக் கூடாது. இரத்தச் சோகைப் பரிசோதனைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இந்த வாரமே அனுப்புங்கள். வாராந்திர இரும்புச்சத்து மாத்திரையை வெறும் வயிற்றில் கொடுக்காமல் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுக்கிறார்களா என்று பாருங்கள். நேரம் கிடைத்தும் தூக்கம் வராமல் வாரக்கணக்கில் தவிக்கும் பிள்ளை, பேச்சைக் குறைத்துக்கொண்ட பிள்ளை யாராவது இருந்தால் அது வேறு சங்கதி. வீட்டாரைக் கூப்பிட்டுப் பேசி மருத்துவரிடம் அனுப்புங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே ஆலோசனை கிடைக்கிறது, கட்டணம் இல்லை.

நான்கு பிள்ளைகளின் நாளை எழுதி முடித்ததும் எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். எந்த பஸ் எத்தனை மணிக்கு என்பதைத் தெளிவாகக் குறித்து அனுப்பினால் இடைவேளைகளைப் பிரிப்பதற்கு நானும் உட்கார்ந்து ஒரு தாள் போட்டுத் தருகிறேன். அதற்கு முன், நாளைக் காலை மணி அடிப்பதற்குள் அந்த 14 கழிப்பறைகளையும் நீங்களே ஒரு சுற்று பார்த்துவிடுங்கள். எத்தனைக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிறது, எத்தனையில் தண்ணீர் வருகிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். என் பள்ளியில் பதிவேட்டில் 10 இருந்தன. தாழ்ப்பாளும் தண்ணீரும் இருந்தவை 6.